மூளிக்காது ஆடு

நவ. 18, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். கடை வாசலில் படுதா கட்டியும் ஓரத்தில் ஒழுகல்.

இன்றைக்கு: கரன்ட் பில். குடோன் பூட்டுக்கு எண்ணெய். கடைப்பெண் மல்லிகாவுக்கு அரை நாள் லீவு. சவரிக்குப் போன்.

கடைசி வேலையை முதலில் முடித்தேன். கன்டெய்னர் துறைமுகத்தில் இறங்கி எத்தனையோ நாள். உள்ளே மொத்தமும் கிறிஸ்துமஸ் குடில் செட். நானே படம் போடச் சொல்லி சீனாவில் அச்சு எடுத்தது. மாதாவுக்குக் கண்டாங்கிச் சேலை, சூசையப்பருக்கு வேட்டி, பாலன் தூளியில், சுற்றிலும் ஆடுகள். கைக்காசு முழுக்க இதில்தான். டிசம்பரில் விற்றால் உண்டு.

கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் ஏஜென்ட் சவரி. அவன் சொல்கிறான்: "வெளயாட்டு பொம்மைன்றாங்கக்கா. பொம்மைன்னா ஐஎஸ்ஐ முத்திரை கேப்பாங்க. இல்லாங்காட்டி உள்ள வுடமாட்டாங்க. நான் பேசிக்கினுதான் கீறேன்."

விளையாட்டு பொம்மையாம்! மாதாவை வைத்து எந்தப் பிள்ளை விளையாடும்?

நவ. 21, வெள்ளி

வெயில். ரங்கநாதன் தெருவில் நல்ல கூட்டம், கடையில் ஹேர்கிளிப் மட்டும் ஓடுகிறது. "குடில் வந்துச்சா மேடம்?" இரண்டு பேர் கேட்டுப் போய்விட்டார்கள்.

நானே நேரில் போகிறேன் என்றேன். சவரி பதறினான். "வேணாங்க்கா. ஆபீசர் கறாரான ஆளு. லேடீஸ் வந்து நின்னா காரியம் கெட்ரும்."

சரி என்று விட்டேன். ஹேர்கிளிப் காலத்திலிருந்து என் சரக்கெல்லாம் அவன் கையால்தான் வெளியே வருகிறது. அவன் ஆபீஸ் திறந்த அன்று குத்துவிளக்கு ஏற்றியது நான். கிறிஸ்துமஸ் அன்று எனக்குச் சாப்பாடு சாந்தோமில், அவன் வீட்டில். போன வருஷம் குடிலின் முதல் சாம்பிள் செட்டை அவன் பெண்ணுக்கே கொடுத்தேன். அதில் ஓர் ஆட்டுக்கு இடது காது பாதி இல்லை, அச்சுக் கோளாறு. அதைச் சரிசெய்த பிறகுதான் ஆர்டர் போட்டேன். பாப்பாவுக்கு அந்த மூளிக்காதுதான் பிடித்தது. தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

நவ. 23, ஞாயிறு

முட்டி வலிக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். பெசன்ட் நகர் பீச். திரும்பும்போது வேளாங்கண்ணி கோயில் பக்கம் பிளாட்பாரத்தில் ஒருத்தி கடை போட்டிருந்தாள். நட்சத்திரம், மெழுகுவத்தி. நடுவில் என் மாதா, கண்டாங்கிச் சேலையில்.

"இன்னாக்கா பாத்துக்கினே நிக்கிற? எட்த்துக்கோ, புது மாடலு. மாதா பொடவ கட்டிக்கினு கீறாங்க பாரு."

"எங்க வாங்குன?"

"பாரிஸ் கார்னர்ல ஒரு ஹோல்சேல் பார்ட்டி. சவரி அண்ணன்தான் கஸ்டம்ஸ்ல எட்த்துக் குட்த்தாராம். அவரேதான் என்ன அங்க இட்டுக்கினு போனாரு."

"எப்ப?"

"போன மாசக் கடசில."

ஆட்டைத் திருப்பினேன். இடது காது பாதி இல்லை. வேறொரு செட்டைப் பிரித்தேன். அதிலும். செட்டுக்கு ஓர் ஆடு மூளி. பாப்பாவின் சாம்பிளை வைத்து எடுத்த அச்சு.

"டேமேஜு இல்லக்கா, மாடலே அப்டித்தான்," என்றாள்.

ஒரு செட் வாங்கினேன். பேரம் பேசவில்லை. நான்!

நவ. 24, திங்கள்

மூட்டம். கடையை மல்லிகாவிடம் விட்டுவிட்டு கஸ்டம்ஸ் ஆபீஸ். கறாரான ஆபீசர் ஒரு பெண். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"விளையாட்டு பொம்மைன்னு நாங்க சொல்லலையேம்மா. உங்க ஏஜென்ட்தான் அப்படிப் போட்டிருக்கார். குடில் செட்டுன்னா பண்டிகை அலங்காரம். அந்தத் தலைப்புல போட்டிருந்தா எப்பவோ வெளிய போயிருக்கும்."

"இப்ப மாத்த முடியுமா?"

"சரக்கைப் பிரிச்சுப் பாத்துட்டு மாத்தலாம். ஆனா திருத்தம் கேட்டு மனு வரணும். போட்டவர் கையெழுத்தோட."

ஆட்டோவில் கடைக்குத் திரும்பினேன். வழியில் பன் வாங்கித் தின்றேன்.

என்னை ஏமாற்ற முடியாது என்று கடைத்தெருவே சொல்லும். எப்படி முடியும் என்று அவனுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. கேட்டிருந்தால் பங்கே கொடுத்திருப்பேன். கேட்கவில்லை.

நவ. 26, புதன்

நல்ல மழை. போனில் சவரியிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. காபி சாப்பிட வா என்றேன்.

நனைந்து வந்தான். துவட்டத் துண்டு கொடுத்தேன், பழக்கதோஷம். மேஜையில் மனு, அதன் மேல் ஆடு. காதைப் பார்த்தான். உட்காரவில்லை.

"கையெழுத்துப் போடு சவரி."

"ஜனவரில எட்த்துக் குட்த்திருப்பேன்கா. உங்க சரக்க வுட்ருவேனா?"

"ஜனவரில குடில வச்சுக்கினு நான் இன்னா பண்றது? போகிக்குக் கொளுத்தவா?"

"அந்த பாரிஸ் பார்ட்டி, இந்த ஒரு வருசம் அவரு மட்டும் தனியா விக்கணும்னாரு. அப்பால அவரு கஸ்டம்ஸ் வேலயெல்லாம் எனக்கேன்னாரு..."

"அச்சு எடுக்கப் பாப்பாவோட ஆட்டையுமா அனுப்பின?"

தலையாட்டினான்.

"திரும்பி வந்துச்சா?"

"இல்லக்கா."

"தேடுனாளா?"

"தேடுனா. ஒடஞ்சிச்சுன்னு சொல்லிட்டேன்."

கையெழுத்துப் போட்டான். வாசல் வரை போய் நின்றான். "கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருவீங்கல்லக்கா?"

ஆட்டைக் காகிதத்தில் சுற்றி அவன் சட்டைப் பையில் வைத்தேன். "ஒடையலன்னு பாப்பாகிட்ட நீயே சொல்லு."

சரக்கு எடுக்க லாரிக்குச் சொல்ல வேண்டும்.