திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரம்

3-6-1974, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கிணற்றில் தண்ணீர் அடிமட்டம். வாளியில் பாதி சேறு.

சிகாகோவிலிருந்து மாப்பிள்ளை ஜேக்கப் கடிதம். கிரேஸுக்கு இம்மாதம் 19ஆம் தேதி ஆபரேஷன். தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாம். கிரேஸ் போன கடிதத்தில் ‘சின்னக் கட்டி’ என்று மட்டும் எழுதியிருந்தாள். எங்கே என்று எழுதவில்லை. நர்ஸ் வேலை பார்க்கிறவள், இருந்தும் அப்பாவுக்கு எழுதக் கூச்சம். மாப்பிள்ளை எழுதிவிட்டார். மார்பில்.

‘மாமா பக்கத்தில் இருந்தால் பயமில்லை என்கிறாள்’ என்றும் எழுதியிருக்கிறார். நானா? பல்லி விழுந்தால் எழுந்து ஓடுகிறவன்.

விசா நேர்காணல் 11ஆம் தேதி. புறப்படுமுன் முடிக்க வேண்டியவை, இன்று வரை:

வீடு – தங்கை மகன் சாலமன் பேருக்கு எழுதி, போன மாதமே ரிஜிஸ்டர். வழியில் எனக்கு ஏதாவது ஆனால் அவன் கோர்ட்டுக்கு அலையக் கூடாது. கிரேஸுக்கும் சம்மதம்.
சபைப் பொருளாளர் பொறுப்பு – ஒப்படைத்தாயிற்று.
பால் கார்டு – ரத்து.
ரேஷன் கார்டில் என் பெயர் – நீக்க மனு.
டியூஷன் பிள்ளைகள் – வேறு வாத்தியாரிடம்.
என் அறை – ஜூலை முதல் ஒரு பாங்க் குமாஸ்தாவுக்கு. சாலமன் மனைவி மேரியின் ஏற்பாடு.
கடைவாய்ப்பல் – பாக்கி.

பல்லைத் தவிர எல்லாம் முடிந்தது. மனதில் ஒரு நிம்மதி. இந்த நேரத்தில் நிம்மதிப்படலாமா என்று ஒரு உறுத்தலும்.

8-6, சனி

பல் பிடுங்கினேன். வாயில் பஞ்சு.

கேம்ப் ரோடு விறகு டிப்போ முனுசாமி நாயக்கர் கூப்பிட்டு உட்கார வைத்தார். கிரேஸ் போன் செய்தால் அவர் டிப்போவுக்குத்தான் வரும். அவர் மச்சான் மகன் இரண்டு முறை விசாவுக்குப் போய்க் கிடைக்காமல் திரும்பியவனாம். என் ஏற்பாடுகளைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் போலிருக்கிறது. நாயக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னா சார் நீங்கோ, போறதுக்கு முன்னாலயே கடைய மூடிட்டீங்களே. விசா ஆபீசர் கேக்கறதே ஒரே கேள்விதான். இங்க உனக்கு இன்னா கீது, திரும்பி வர்றதுக்கு? இன்னாத்த காட்டுவீங்கோ, குடையவா?”

பென்ஷன் புத்தகம் இருக்கிறது என்றேன். சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“படப்பைல நெலம் கீது. உங்க பேருக்கு ஒரு பேப்பர் எழுதிக்கினு போங்கோ. வந்து திருப்பிக் குடுங்கோ. நானே நம்பறேன், அவன் நம்ப மாட்டானா?”

பஞ்சைக் காட்டி, பேச முடியாது என்பதுபோல் எழுந்து வந்துவிட்டேன். இது நேர்மையா, பயமா? என்னிடம் இரண்டும் ஒரே மாதிரித்தான் நடந்துகொள்கின்றன.

11-6, செவ்வாய்

முதல் மின்சார ரயில். உட்கார இடம் கிடைத்தது. போதகர் கடிதம், பென்ஷன் புத்தகம், மாப்பிள்ளை கடிதம், சாலமன் கடிதம், எல்லாம் தனித்தனி உறையில்.

அதிகாரிக்குக் கிரேஸ் வயதிருக்கும். மரியாதையான மனிதர். என் ஆங்கிலம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். பூகோள வாத்தியார் என்றதும், சிகாகோ எந்த ஏரிக்கரையில் என்று விளையாட்டாகக் கேட்டார். சொன்னேன்.

சொந்த வீடு? – இருந்தது. தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டேன்.
எப்போது? – போன மாதம்.
மனைவி? – இறந்து ஆறு வருஷம்.
வேறு பிள்ளைகள்? – இல்லை.
இங்கே ஏதாவது பொறுப்பு? – எல்லாம் ஒப்படைத்துவிட்டேன்.

என் ஒழுங்கு அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்தேனோ என்னவோ, முடித்த காரியங்களின் பட்டியலையே எடுத்துக் காட்டினேன். நாயக்கர் சொல்லியும். கேட்ட கேள்விக்கு முழுப் பதில் சொல்லியே பழகிய புத்தி.

அப்படியானால் உங்களைத் திரும்பக் கொண்டுவருவது எது என்றார்.

மனைவியின் கல்லறை என்றேன். பக்கத்து இடம் எனக்கென்று சபையில் எழுதி வைத்திருப்பதையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, மகள் அங்கேயே இருங்கள் என்று சொன்னால் இருப்பீர்களா என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். யாராயிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். ஆபரேஷனுக்குப் பின் அவள் எப்படியிருப்பாளோ தெரியாது, இப்போதே எப்படிச் சொல்வது என்றேன்.

விசா இல்லை. நிலைமை ஏதும் மாறினால் மறுபடி வரலாமாம். எழுந்து நின்று என் உறைகளை அடுக்கிக் கொடுத்தார்.

12-6, புதன்

இரவு மழைபோல் வந்து ஏமாற்றிவிட்டது. ஈறு வலி.

சாலமனிடம் கேட்டேன். வீட்டை என் பேருக்கு மாற்ற முடியுமா, தற்காலிகமாக, விசா வரை. நல்ல பையன்தான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அது ரிஜிஸ்டர் ஆயிடுச்சே மாமா. அடமானம் வெச்சு மாடிக்கு லோன் போட்டிருக்கேன். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியாது. தலையாட்டினேன். சமையலறையிலிருந்து மேரி, பாங்க் குமாஸ்தா ஒன்றாம் தேதியே வருகிறாராம், மாமாவுக்குக் கூடத்தில் கட்டில் போடலாம் என்றாள். கூடத்தில் காற்று நன்றாக வரும் என்றும் சொன்னாள். வரும்தான்.

13-6, வியாழன்

மாப்பிள்ளைக்கு விஷயத்தைத் தெரிவிக்கத் தாம்பரம் தந்தி ஆபீஸ் போனேன். கூட்டம். வரிசையில் நின்று, பாதியில் திரும்பிவிட்டேன். மாப்பிள்ளை எழுதியிருந்தபடி நாளை கிரேஸ் போனில் கூப்பிடுவாள், நானே சொல்லிவிடலாம் என்று காரணம் கண்டுபிடித்தேன்.

14-6, வெள்ளி

நாலு மணியிலிருந்து டிப்போவில். நாயக்கர் மோர் வரவழைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வெளியே விசா விஷயம் அவருக்கு மட்டும் தெரியும். படப்பை நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறரைக்கு மணி அடித்தது. நாயக்கர் ரம்பத்தை நிறுத்தச் சொன்னார். ஆட்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. சாப்பிட்டீங்களா என்றாள். அங்கே இப்போது காலை. பல் எப்படியிருக்கிறது என்று கேட்டாள். அவளுக்கு எழுதியிருந்தேனா? நினைவில்லை.

“விசா கெடச்சுதாப்பா?”

சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“கெடச்சுதும்மா.”

“எப்ப வர்றீங்க?”

“டிக்கெட் தேதி சொல்லல. முன்ன பின்ன ஆகும்.”

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அழுகிறாள்.

“இப்பதாம்பா எனக்கு மூச்சே வருது” என்றாள். மூன்று நிமிஷம் முடிந்தது.

நாயக்கர் ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். “ரம்பத்த ஓட்டுங்கடா” என்று மட்டும் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

16-6, ஞாயிறு

ஆராதனையில் போதகர், கடல் கடந்து மகளிடம் போகும் நம் மூத்த சகோதரருக்காக என்று ஜெபித்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை போலும். நானும் சொல்லவில்லை. சபை முழுவதும் ஆமென் என்றது. நானும்.

கிரேஸிடம் நான் சொன்னதில் ஒரு நன்மை உண்டு என்று நினைக்கப் பார்க்கிறேன். தைரியமாக ஆபரேஷனுக்குப் போவாள். முடிந்து கண் விழித்த பிறகு மாப்பிள்ளை பக்குவமாகச் சொல்லிக்கொள்வார். மூன்று நாள்தானே. எழுதிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.

18-6, செவ்வாய்

லேசான தூறல்.

பத்து மணிக்குத் தந்தி. மாப்பிள்ளையிடமிருந்து.

‘நீங்கள் வரும்வரை ஆபரேஷனுக்கு கிரேஸ் மறுக்கிறாள். தள்ளிப்போட்டாயிற்று. டாக்டர் கோபம். விமானம் எது, உடனே தெரிவிக்கவும்.’

மேரி என்ன விஷயம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். குடை எடுக்காமலே புறப்பட்டேன்.

தந்தி ஆபீஸில் இன்று வரிசை இல்லை. நான்கு ஃபாரம் கிழித்தேன். மாப்பிள்ளைக்கு எழுதினால் அவர் சொல்லி அவள் நம்ப மாட்டாள். அவள் பேருக்கே எழுதினேன். விசா கிடைக்கவில்லை. நான் சொன்னது பொய். காத்திருக்காதே. உடனே ஆபரேஷன்.

குமாஸ்தா சின்னப் பையன். வார்த்தைகளைப் பென்சிலால் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தவன் நடுவில் நின்றான். என்னை நிமிர்ந்து பார்த்தான். மறுபடி எண்ணினான்.

“அனுப்பறவர் பேர் போடலையே சார். அப்பான்னு போட்டா போதுமா?”

போதும் என்றேன்.