மூன்று மாடுகள் குறைகின்றன

பிப்ரவரி 9

பண்ணை உரிமையாளர் அவர்களுக்கு,

தங்களது ஜனவரி மாதப் படிவம் கிடைத்தது. டிசம்பரில் நாற்பத்தொரு மாடுகள் என்று எழுதியிருந்தீர்கள். ஜனவரியில் விற்றது இல்லை, செத்தது இல்லை. ஆனால் மொத்தம் முப்பத்தெட்டு. மூன்று மாடுகள் குறைகின்றன. கணக்கு இடித்தால் கடிதம் எழுதி விளக்கம் கேட்க வேண்டும் என்பது அலுவலக விதி. எல்லாப் பண்ணைகளின் எண்ணிக்கையையும் கூட்டி நாங்கள் வெளியிடுவதைப் பார்த்துத்தான் சந்தையில் மாட்டு விலை ஏறுகிறது, இறங்குகிறது. ஆகவே விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
மேசை எண் ஏழு,
கால்நடைக் கணக்கெடுப்பு அலுவலகம்

பி.கு.: உங்கள் கோப்பு என் மேசைக்கு வந்தது நான் கேட்டு வாங்கியதல்ல.

பிப்ரவரி 13

மேசை எண் ஏழு அவர்களுக்கு,

கட்டிய பெண்டாட்டியிடமிருந்து இரண்டு வருஷம் கழித்து வந்த முதல் கடிதம்; அதிலும் அரசாங்க முத்திரை! தபால்காரர் ஜப்தி நோட்டீஸ் என்று பயந்துபோய்க் கொடுத்தார்.

மூன்று மாடுகளும் பத்திரம். ஒன்று சினை, தனியே கட்டியிருந்தேன். மற்ற இரண்டும் பக்கத்து நிலத்துக்காரர் பயிரில் இருந்தன. "ஏம்ப்பா, உன் நிலம் எது, என் நிலம் எதுன்னு மாட்டுக்குச் சொல்லிக் குடுக்கக் கூடாதா?" என்று வந்து நின்றார். நம் சிடுமூஞ்சிப் பசுவுக்குக் காதில் எண் வில்லை குத்திய இடம் சீழ் வைத்துவிட்டது. தினமும் கழுவி மருந்து போடுகிறேன். கிட்டே போனால் உதைக்கிறாள். செவலைப் பசு இப்போது தீவனத் தொட்டியில் யாரையும் அண்டவிடுவதில்லை. இன்னும் எழுதலாம், தாள் தீர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
மாட்டுக்காரன்

ஜூன் 8

பண்ணை உரிமையாளர் அவர்களுக்கு,

இது ஐந்தாவது மாதம். பிப்ரவரியில் இரண்டு மாடுகள் கூடின. மார்ச்சில் கூட்டல் தப்பு. ஏப்ரலில் கன்றுகளை இரண்டு முறை எண்ணியிருந்தீர்கள். இப்போது ஒரு காளை சினையாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

மேலாளர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "இந்த ஆளுக்குக் கணக்கு வராதா, இல்லே வேணும்னே பண்றாரா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். தரகர் வாயைத் திறப்பதற்குள் மனக்கணக்கை முடித்துவிடுகிறவர் நீங்கள் என்று எனக்குத் தெரியாதா? இன்னொரு தப்பு வந்தால் உங்கள் கோப்பு வேறு மேசைக்குப் போகும். எனக்கும் எச்சரிக்கைக் கடிதம் வரும். தயவுசெய்து என் வேலைக்கு உலை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
மேசை எண் ஏழு

ஜூலை 5

மேசை எண் ஏழு அவர்களுக்கு,

இத்துடன் ஜூன் மாதப் படிவம். மொத்தம்: பூஜ்யம். இதில் தப்பு இல்லை.

முழங்கால் மடங்க மறுக்கிறது. ஒற்றை ஆளாக எத்தனை மாட்டின் பின்னால் ஓடுவது? போன வாரம் சந்தைக்கு ஓட்டிப்போய் எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். விலை சரிந்திருந்த நேரம்தான், ஆனாலும் திருப்பி ஓட்டிவரத் தெம்பில்லை. சிடுமூஞ்சி வாங்கியவரின் வண்டியில் ஏறவே மாட்டேன் என்று அடம் பிடித்தாள். சந்தையிலேயே எடைமேடை பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது.

தப்பாக எழுதியது வேண்டுமென்றேதான். சரியாக எழுதினால் உன் கடிதம் வராதே. அதற்காக உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

இப்படிக்கு,
மாட்டுக்காரன்

ஜூலை 12

உங்களுக்கு,

இது அலுவலகத் தாள் இல்லை, நான் வாங்கிய தாள்.

காது வில்லை எண்கள் எல்லாவற்றையும் சந்தைப் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. மாடில்லாத பண்ணையைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். என் கையாலேயே அடித்தேன். அடித்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவளைப் போல வெளியே போய் அழுதேன்.

ஐந்து மாதத்தில் பதினேழு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு மாதமும் மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகுதான் உறையைக் கிழிப்பேன். சிடுமூஞ்சிக்குக் காது ஆறியதும் தெரியும், செவலை யாரோடு முட்டிக்கொண்டாள் என்பதும் தெரியும். என்னைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அங்கே இருந்தபோதும் இதேதான். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தேன். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து கன்றுக்குக் கழிச்சல் என்று கவலைப்பட்டீர்கள். அதற்காகத்தான் கிளம்பினேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

பிப்ரவரியில் ஒரு வரி கேட்டிருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பேன். இப்போது என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

முழங்காலுக்கு மருத்துவரைப் பாருங்கள். மாட்டு மருத்துவரை அல்ல.

நான்

ஜூலை 20

உனக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் மாடுதான் வருகிறது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

எடைமேடை அறையில் ஒரு நாற்காலி, ஒரு விசிறி, நான். வண்டிக்காரர்கள் வருகிறார்கள், எடை என்ன என்று கேட்கிறார்கள், சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். சாப்பிட்டியா என்று கேட்க ஒரு ஜீவன் கிடையாது. நேற்று வேலை முடிந்து கதவைச் சாத்தும்போதுதான், உன்னை ஒன்பது வருஷம் இப்படித்தானே வைத்திருந்தேன் என்று உறைத்தது. வெட்கமாக இருக்கிறது.

கேட்டுப் பழக்கமில்லாதவன் கேட்கிறேன். எங்கே தங்கியிருக்கிறாய்? அந்த அறைக்கு ஜன்னல் உண்டா? மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய்? அந்தக் காய்ச்சல் திரும்ப வந்ததா? வந்தபோது வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் இருந்ததா?

இனி மாட்டுக்காரன் என்று கையெழுத்துப் போட முடியாது. புருஷன் என்று போடக் கை கூசுகிறது. இந்த இடத்தை வெறுமையாகவே விடுகிறேன். என்ன போட வேண்டும் என்று நீ சொல்.