விடிகாலைப் புழுக்கை

செப்டம்பர் 15, 2025, திங்கள்

குட்டிகள் கண் திறந்து ஐந்து நாள். மூன்றையும் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். கறுப்புக்காது 172 கிராம், சாம்பல் 160, பொடிசு 131. தினமும் நாள் போட்டு எழுதிவருகிறேன்.

தேவதர்ஷினி ஃபோனில் சிரிக்கிறாள். "முயலே வேணாம்னு அன்னிக்கு என்ன சண்டை போட்ட!" போட்டேன்தான். துவாக்குடியில் காலேஜ் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பெண், முயல் வாங்குவாளா? வீட்டுக்காரர் கூடாதென்றதும் ஆடி மாதத்தில் கூடையோடு வந்து இறங்கினாள். வெண்ணெய் என்று பெயர் வேறு. அது சினையாக இருந்தது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆகஸ்ட் 31 அன்று தன் மார்பு முடியையே பிடுங்கிப் போட்டு, அதன் நடுவில் மூன்றைப் பெற்றுவைத்திருந்தது.

மகள் சனி ஞாயிறு வரமாட்டாளாம். பரீட்சை. "நீதாம்மா பாத்துக்கணும்." பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன். புரட்டாசி ஒன்று

வீடு முழுக்கக் கழுவி, பெருமாள் படத்துக்குத் துளசி மாலை போட்டு, பின்கட்டுக்குப் போனேன். அங்கே பார்த்ததை எழுதவே கூசுகிறது. பொடிசு தாயின் புழுக்கையைத் தின்றுகொண்டிருந்தது! சாம்பலும். வெண்ணெய் குனிந்து தன் பின்பக்கத்திலேயே வாயை வைத்து — சே.

பெட்டியை வெந்நீரும் மஞ்சளும் விட்டு மூன்று முறை தேய்த்தேன். குட்டிகளைப் புது அட்டைப்பெட்டியில், துவைத்த வேட்டித் துணியில் விட்டாயிற்று. இனி தாய் காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் பால் கொடுக்க மட்டும் உள்ளே வரும். கீழே எது விழுந்தாலும் உடனே எடுத்துவிட வேண்டும். பெருமாள் மாதத்தில் இந்த அசுத்தம் இந்த வீட்டில் வேண்டாம்.

இவர் கேட்கிறார்: "ஏன் மேகலை, முயலுக்கும் சேத்து விரதமா?"

செப்டம்பர் 20, முதல் சனி

தளிகை போட்டு மாவிளக்கு ஏற்றினேன். குட்டிகளுக்கு முட்டைக்கோஸ் இலையும் கேரட் துருவலும். கறுப்புக்காதுதான் அதிகம் தின்றது. பெட்டி பளிச்சென்று இருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

268, 241, 182. முந்தாநாளும் இதேதான். தராசில் கோளாறோ என்று அரைக்கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன். தராசு சரியாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

கறுப்புக்காது 251. உடம்பு இளைத்து வயிறு மட்டும் உப்பியிருக்கிறது. ஒரு மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிக்கிறது. காதைத் தொட்டால் ஜில்லென்றிருக்கிறது. துணியெல்லாம் கழிசல். ஒரு நாளைக்கு நான்கு முறை கழுவுகிறேனே, எங்கிருந்து வந்தது இது? இன்னும் எதைக் கழுவ?

தேவதர்ஷினி கேட்டாள், குட்டிங்க எப்படிம்மா இருக்கு என்று. "நல்லாருக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

செப்டம்பர் 27, இரண்டாம் சனி

கறுப்புக்காது காலை ஏழு மணிக்குப் போய்விட்டது. என் மடியில்தான்.

இவர் செம்பருத்தி அடியில் குழி தோண்டினார். மாவிளக்கு போடவில்லை. முயலுக்குத் தீட்டு உண்டா? யாரிடம் போய்க் கேட்பது இதை?

சாம்பலுக்கும் கழிசல் ஆரம்பித்துவிட்டது. இரண்டையும் கூடையில் வைத்து ஆட்டோவில் மாட்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். தேவதர்ஷினிக்கு முன்பு வாங்கி மீதியிருந்த ஆன்டிபயாடிக் சிரப்பையும் பையில் போட்டுக்கொண்டேன், அளவு கேட்டு ஊற்றலாமென்று. டாக்டரம்மா அதைப் பார்த்ததும் பிடுங்கிக்கொண்டார்.

"இத வாயில ஊத்துனா முயலுக்கு வயித்துல இருக்குற நல்ல கிருமி எல்லாம் செத்துடும். முயலே செத்துடும். தாய் எங்க?"

"தனியா இருக்குங்க. பாலுக்கு மட்டும் விடுவேன்."

"ஏன்?"

"சுத்தத்துக்கு…"

அவர் என்னையே பார்த்தார். தோலுக்கடியில் நீர் ஏற்றினார். முட்டைக்கோஸ், கேரட் கூடாது, காய்ந்த புல் மட்டும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். முதல் வேலையாகத் தாயோடு சேர்க்க வேண்டும். குட்டிக்கு வயிற்றில் அந்தக் கிருமி தாயின் புழுக்கையிலிருந்துதான் வருமாம். "அது அசிங்கம் இல்லம்மா, அதுக்கு மருந்தே அதுதான்."

அப்படியானால் பத்து நாளாக நான் துடைத்துத் துடைத்து எறிந்தது?

செப்டம்பர் 28, ஞாயிறு

சாம்பல் தாயின் பக்கத்தில் நகர்ந்து போய்க் கொஞ்சம் தின்கிறது. பொடிசு அசையவில்லை. 163.

செப்டம்பர் 29, திங்கள்

155. கையில் எடுத்தால் பஞ்சுபோல் இருக்கிறது. பாலும் குடிக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்னஸ் டீச்சர் சுவரோரம் நின்று கேட்டார், ஏன் கண்ணெல்லாம் வீங்கியிருக்கு என்று. சொன்னேன். "எந்தம்பி தைரியராஜு லால்குடியில முயல் வளக்குறான், ஒரு வார்த்தை கேக்கவா?" எதற்கு வளர்க்கிறார் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று தலையாட்டினேன். புரட்டாசியில், கறிக்கு வளர்க்கிறவரிடம் போயா?

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் கறிக்குத்தான் வளக்குறான். ஆனா குட்டி சாகாம வளக்குறவன்ங்க அவன்."

அது சுருக்கென்று தைத்தது. எனக்கு வலிக்க வேண்டும் என்று சொன்னாரா தெரியவில்லை. நம்பரை வாங்கிக்கொண்டேன்.

அதே நாள், மாலை

பேசிவிட்டேன். தைரியராஜ் அவசரமே இல்லாமல் பேசினார். "சும்மாதாங்க உக்காந்திருக்கேன், எவ்வளவு நேரம் வேணா பேசுங்க. புரட்டாசில எங்களுக்கு ஏது யாவாரம்? உங்க பெருமாள் எம் முயலுக்கு ஒரு மாசம் ஆயுசு கூட்டிக் குடுத்திருக்காரு."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன், கழுவியதையும். திட்டவில்லை. "மாடு அசை போடுதுல்ல? தின்னத மறுபடி வாய்க்குக் கொண்டாந்து மெல்லுது. அதப் பாத்து அசிங்கம்னு சொல்லுவீங்களா? இதுவும் அதேதான். கொஞ்சம் சுத்து வழியில வருது, அவ்வளவுதாங்க."

தானாகத் தின்னாத குட்டிக்கு நாம்தான் ஊட்ட வேண்டுமாம். காய்ந்த உருண்டையில் பயனில்லை. தாய் விடிகாலையில் போடும் மெத்தென்ற புழுக்கைதான் வேண்டும். திராட்சைக் கொத்துப் போலப் பளபளவென்று இருக்குமாம். தாய் அதைக் கீழே விழவிடாமல் குனிந்து தின்றுவிடும். அதனால் கழுத்தில் ஓர் அட்டை வளையம், அரை மணி நேரம். வெதுவெதுப்பு ஆறுவதற்குள் நீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் இரண்டிரண்டு சொட்டு. "வாய் ஓரமா விடுங்க. நேரா விட்டா மூக்குல ஏறிடும்."

டாக்டரம்மாவையும் கேட்டேன். செய்யுங்க என்றார்.

குளித்துவிட்டு எடுப்பதா, எடுத்துவிட்டுக் குளிப்பதா? குளித்துவிட்டு எடுத்தால் மறுபடி குளிக்க வேண்டும். எடுத்துவிட்டுக் குளித்தால், குளிக்காத கையால் மருந்து கொடுத்ததாகும். மருந்து என்று எழுதுகிறேன். மருந்துதானே?

செப்டம்பர் 30, செவ்வாய்

குளித்துவிட்டு எடுத்தேன். ஐந்தரை மணிக்கு விழுந்தது. அவர் சொன்ன மாதிரியே, கொத்தாக. கரைத்தேன். வாசனை — எழுத வேண்டாம். முதல் சொட்டைத் துப்பிவிட்டது. இரண்டாவதை விழுங்கியது. நாராயணா.

மறுபடி குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றினேன்.

அக்டோபர் 1, புதன்

152. குறைந்துதான் இருக்கிறது. தைரியராஜ் மூன்று நாள் பாருங்கள் என்கிறார். சமையலில் மனம் நிற்கவில்லை. ரசத்தில் உப்பு இரண்டு தரம்.

அக்டோபர் 2, வியாழன்

152. குறையவில்லை.

குறையவில்லை!

அக்டோபர் 3, வெள்ளி

158. காய்ந்த அருகம்புல்லை ஒன்று இழுத்து மென்றது. நான் அதன் பக்கத்தில் தரையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து பார்த்துவிட்டு, அவரே காபி போட்டுக்கொண்டு போனார்.

மகளுக்குச் சொல்லிவிட்டேன், கறுப்புக்காது போனதையும் ஏன் போனது என்பதையும். "ஒரு வாரமா நல்லாருக்குன்னு சொன்னியேம்மா" என்றாள். அது மட்டும்தான். நான் கொன்றுவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அக்டோபர் 4, மூன்றாம் சனி

எழுந்ததும் முதலில் முயல் வேலை. அப்புறம் மாவு இடித்தேன். நடுவில் ஒரு குளியல்தான். கணக்குப் பார்க்கவில்லை.

பொடிசு 171.

அக்டோபர் 9, வியாழன்

சிரிஞ்சு இனி வேண்டாம். பொடிசு தானாகவே தாயின் பின்னால் போகிறது. 224. சாம்பல் 330. தேவதர்ஷினி வந்திருந்தாள். செம்பருத்தி அடியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் நோட்டை எடுத்துப் புரட்டினாள். "இருபத்திரெண்டாந் தேதியே எடை நின்னுடுச்சேம்மா. அன்னிக்கே தெரிஞ்சிருக்கு பாரு." தெரிந்திருக்கிறது. எழுதியிருக்கிறேன். படிக்கத்தான் இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

புரட்டாசி முடிந்து ஐப்பசி இரண்டாம் நாள். நாளை தீபாவளி. அதிரச மாவைப் பிசைந்துகொண்டிருந்தபோது ஃபோன். தைரியராஜ். நானாக இன்று அவரை அழைத்திருக்க மாட்டேன்.

பின்னால் ஒரே கூட்டம். யாரோ "அண்ணே, ரெண்டு கிலோ, சீக்கிரம்" என்கிறார்கள். கத்தி பலகையில் படுகிற சத்தம்.

"ஒரு நிமிசந்தாங்க, கடையில ஆள் நிக்குது. பொடிசு எவ்வளவு?"

மாவுக் கையோடு நின்றேன். ஃபோனை வைத்துவிடலாம். வைக்கவில்லை.

"முந்நூத்தித் தொண்ணூறுங்க."

"அட! சாம்பலு?"

"நானூத்தி எழுபது."

"சரிங்க, சரிங்க" என்று இரண்டு தரம் சொன்னார். குரலில் சந்தோஷம் நன்றாகவே தெரிந்தது. பிறகு யாரையோ "இந்தா வரேன்ப்பா" என்றார்.

"தீபாவளிக்கு வீட்டுக்கு வாங்க. அதிரசம் சுட்டு வைக்கிறேன்" என்றேன்.