சுருள் கால்வாயில் இரண்டு நிறங்கள்

பிப்ரவரி 3, என்ஸ்கெடே

இன்றும் மதியம்வரை நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவில்லை. தலைமுடி அகலத்துக்கு ஒரு கால்வாய், பதினொரு சுற்றாகச் சுருண்டு கிடக்கிறது. ஒரு வாயில் சிவப்பு நீர், இன்னொன்றில் நீலம். வளைவில் நடுநீர் வெளிப்பக்கம் ஒதுங்கி, மேலும் கீழுமாகத் திரும்பி வருகிறது. மூன்றாம் சுற்றில் எல்லாம் ஊதா. பார்த்துக்கொண்டே இருந்தால் நானும் உள்ளே மிதக்கிறேன். இதற்கா நான்கு வருடம் என்கிறாள் அம்மா. இதற்குத்தான்.

ஆய்வேடு அச்சுக்குப் போய்விட்டது. மார்ச் 20 வாய்மொழித் தேர்வு: நாற்பத்தைந்து நிமிடம் கேள்விகள், பிறகு பல்கலைக்கழகக் கோல்காரர் வந்து கோலைத் தட்டினால் முடிந்தது. எல்லோரும் மெச்சுவது நான்காம் அத்தியாயத்தை: நீரோடு போகும் உயிரணு கிழியாத அளவுக்கு மெதுவாக ஓடினாலும் வளைவு கலக்கிவிடும்.

பிப்ரவரி 11

மழை. சைக்கிளில் தொப்பலாக நனைந்து வந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம் மூன்ஸ்டரிலிருந்து ஸில்கா என்ற ஆராய்ச்சியாளரின் கடிதம். போன வருடம் கட்டுரையாக வந்த என் கால்வாயை அப்படியே செய்து, நான் எழுதிய வேகத்திலேயே விடுகிறாளாம். எட்டு மாதமாகக் கலக்கவே இல்லையாம். "என் கைதான் சரியில்ல போல. ஏப்ரலுக்குள்ள முடிவு வரலேன்னா வேலைய விட்டுப் போகச் சொல்லிட்டாங்க. எங்க தப்புன்னு சொல்லுங்களேன்."

மதிய ரொட்டிக்கும் மோருக்கும் நடுவே என் பேராசிரியர் வீகரிடம் காட்டினேன். சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். குமிழி இருக்கும், பாக்கச் சொல்லு." அப்படியே எழுதி அனுப்பினேன்.

பிப்ரவரி 12

குமிழி இல்லையாம். நன்றி வேறு சொல்லியிருக்கிறாள்.

பிப்ரவரி 17

பரிசோதனையின்போது எடுத்த பழைய படங்களைப் புரட்டினேன். சிரிஞ்சை அழுத்தி நீரைத் தள்ளும் பம்பின் திரையில் 4.6 மில்லிமீட்டர். அதில் மாட்டியிருக்கும் சிரிஞ்ச் — பருத்தது. பெரியது.

பம்புக்குக் கண் கிடையாது. சிரிஞ்சின் உள்விட்டத்தை நாம்தான் சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் தள்ளும். சிறியதன் விட்டத்தைச் சொல்லிவிட்டுப் பெரியதை மாட்டியிருக்கிறேன். புதிதாக வருபவர்களை இதைச் சொல்லி எச்சரிப்பதே நான்தான்! பத்து மடங்கு வேகம். என் மெதுவான ஓட்டம் மெதுவே இல்லை. இப்ப என்னடி பண்ணப் போற?

பிப்ரவரி 18

படத்தைக் காட்டியதும் வீகர் கதவைச் சாத்தினார். "புத்தகம் அச்சாகி வந்தாச்சு ஹிஸ்கா. நாப்பத்தஞ்சு நிமிஷம் தாக்குப்பிடி. கோல்காரர் வந்து நேரமாச்சும்பார், முடிஞ்சது. அப்புறம் திருத்தம் போடுவோம்."

"எப்ப?"

"கோடையில."

"அந்தப் பொண்ணுக்கு ஏப்ரல்தான் கெடு."

"அவ என் மாணவி இல்லம்மா."

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் சொல்கிறார். அதுதான் கஷ்டம்.

மார்ச் 2

கனவு. நான் சிவப்பு. பக்கத்தில் யாரோ நீலம். தொட்டுக்கொண்டே வளைந்து வளைந்து போகிறோம், ஒரு சொல்லும் பேசாமல்.

மார்ச் 14

ஸில்காவுக்கு மூன்று கடிதம் எழுதி மூன்றையும் அழித்தேன். கோழை.

மார்ச் 20

கறுப்பு அங்கிகள். கேள்விகள் எளிதாகவே வந்தன. கடைசியாக ஒரு முதியவர் நான்காம் அத்தியாயத்தைத் திறந்தார். "அழகான முடிவு. வேற யாராவது செஞ்சு பாத்தாங்களா?"

"ஒருத்தர் பாத்தாங்க. அவங்களுக்கு —"

கதவு திறந்தது. கோல் தரையைத் தட்டியது. நேரம் ஆயிற்று என்று லத்தீனில் ஒரு குரல். அதோடு பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொள்ளலாம், அதுதான் வழக்கம். கூட்டம் சிரித்தது. வீகர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

என்னால் நிறுத்த முடியவில்லை. "அவங்களுக்குக் கலக்கல. அவங்க கை சரி. தப்பு என்னோடது."

முடிவெடுக்க உள்ளே போய்க் கால் மணியில் திரும்ப வேண்டிய தேர்வாளர்கள் ஒரு மணி நேரம் வரவில்லை. பட்டம் இன்று இல்லை. அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டு மறுபடி வரவேண்டும். இங்கே யாருக்கும் நடக்காத சங்கதி. கொண்டாட்டத்துக்கு வாங்கிய கேக்கை அம்மா வெட்டிக்கொண்டே இருந்தாள். அழுதேன்.

மார்ச் 21

ஸில்காவுக்குப் பம்பும் சிரிஞ்சும் தெரியும் அந்தப் படத்தை அனுப்பினேன்.

மே 6

ஸில்காவை வேலையில் வைத்துக்கொண்டார்கள். இன்று ரயிலேறி வந்தாள், என்னைவிடக் குட்டை. சரியான விட்டம் கொடுத்து, சரியான வேகத்தில் இருவருமாக ஓட்டினோம். பதினொரு சுற்றும் சிவப்பு சிவப்பாகவே, நீலம் நீலமாகவே போயின.

"எட்டு மாசம் இதையே பாத்து அழுதேன்" என்றாள். "இன்னைக்குத்தான் அழகா இருக்கு."

நாற்காலியைத் தள்ளி அவளுக்கு இடம் விட்டேன்.