எட்டு சென்சாரும் அப்பா ஒட்டின சீட்டும்

என் செல்ல வாலுக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நல்லபடியாக, முழுசாக இருக்கிறோம், முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், மூச்சை விட்டுவிட்டு மேலே படி. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, அவருக்கு முட்டி வலி குறைந்ததா என்று மறக்காமல் எழுது. செவ்வாய்க்கிழமை மாமா அவசரப்பட்டு உனக்குப் போன் போட்டு அப்பா ஆபீசில் தீ என்று சொன்னதும், அதோடு லைன் கட்டானதும், நீ அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டதும் இன்னும் என் காதிலேயே நிற்கிறது. என் தம்பிக்குச் சின்ன வயசிலிருந்தே பாதி சேதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்குகிற பழக்கம். நானும் அன்றைக்கு உன்னிடம் உண்மையைச் சொல்லவில்லை, உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு ஒண்ணுமில்லன்னு சொல்லு, ஒண்ணுமில்லன்னு சொல்லு என்று முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தார். ஒன்றுமில்லாமல் இல்லை. போனில் என்றால் அவர் குறுக்கே பேசுவார், அதனால்தான் கடிதம்.

அப்பா வேலை பார்க்கிற ரெக்கார்டு ஆபீஸ் கட்டடத்துக்கு அலாரம் மாட்டும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கிறது, நான்தான் மாட்டப் போகிறேன் என்று போன மாதம் சொன்னேன் அல்லவா. பழைய சுவர், துளை போட்டு ஒயர் இழுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் எல்லாமே வயர்லெஸ். இருபத்திரண்டு வருஷமாக ஒயர் இழுத்தவளுக்கு ஒயரே இல்லாத வேலையா, சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கப் போறே என்று உன் அப்பா ஒரு வாரம் என்னைக் கிண்டல் செய்தார். புகை வந்தால் கத்துகிற சென்சார் எட்டு, அவை சொல்லுவதைக் கேட்டுக்கொள்ள வாசல் பக்கச் சுவரில் ஒரு பெட்டி, அதற்குப் பெயர் பேனல். ஒவ்வொரு சென்சாரையும் பேனலுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும், நீ ஒன்றாம் நம்பர், பேஸ்மென்ட் ரெக்கார்டு ரூம், நீ எட்டாம் நம்பர், மூன்றாம் மாடி ஸ்டோர் ரூம் என்று. அதற்குப் பிறகு எது கத்தினாலும் பேனலில் அந்த இடத்தின் பெயர் எழுத்தில் வரும். ஒவ்வொரு அறையிலும் ஏணிமேல் நின்று இதைச் செய்வானேன் என்று பேனலையும் எட்டு சென்சாரையும் வீட்டுக்கே கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பி, ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டேன். ஒவ்வொன்றின் முகத்திலும் ஒன்று முதல் எட்டு வரை சீட்டு எழுதி டேப் போட்டு ஒட்டினேன். எந்த நம்பர், எந்த அறை, பின்பக்கம் அச்சடித்திருக்கிற சீரியல் நம்பர் என்ன என்று என் நோட்டிலும் குறித்துக்கொண்டேன். அப்புறம் அடுப்படிக்குப் போனேன். அங்கேதான் வினை வந்தது.

உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்லவா வேண்டும். முப்பது வருஷமாகக் கோப்புகளை நம்பர் வரிசையில் அடுக்கிய மனுஷர், கை சும்மா இருக்காது. மேஜையைத் துடைக்க வந்தவர் ஒரு சென்சாரைத் திருப்பிப் பார்த்திருக்கிறார், பின்னால் ஏதோ நம்பர், முன்னால் என் சீட்டில் வேறு நம்பர், அடுத்ததைப் பார்த்தால் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இவள் அவசரத்தில் கன்னாபின்னாவென்று ஒட்டியிருக்கிறாள் என்று நினைத்து, எட்டுச் சீட்டையும் உரித்து, சின்ன சீரியல் நம்பருக்கு ஒன்று, அதற்கடுத்ததற்கு இரண்டு என்று வரிசையாக ஒட்டி வைத்துவிட்டார். உன் சீட்டெல்லாம் தாறுமாறா இருந்துச்சு, சரி பண்ணி வச்சிட்டேன் என்று சொல்லவும் செய்தார். நான் வாணலியைக் கிளறிக்கொண்டே சரி என்றேன். கோணலாக இருந்ததை நேராக்கியிருக்கிறார் என்று நினைத்தேன்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஏனென்றால் பெரிய தப்பு என்னுடையது. எட்டையும் மாட்டி முடித்துச் சோதனை செய்தபோது நான் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பட்டனை அழுத்துவேன், வாட்ச்மேன் அண்ணன் கீழே பேனல் முன்னால் போனோடு நிற்பார். அடிச்சுதா என்று கேட்பேன், அடிச்சுதும்மா என்பார். எட்டுத் தடவையும் அப்படித்தான். பேனலில் என்ன பெயர் வந்தது என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே பெயரைக் கேளுங்கள் என்று சொல்லிக் கொடுப்பவளே நான்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆபீஸ் மேனேஜர் அலாரம் வேலை சரியாக முடிந்தது என்று ஒப்புக்கொள்கிற படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார், பேனல் கத்தியது. எட்டு, மூன்றாம் மாடி ஸ்டோர் ரூம் என்று எழுத்து ஓடியது. மேனேஜரும் வாட்ச்மேனும் தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள், நானும் பின்னாலேயே ஓடினேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட, பாரு, வேலை செய்யுது என்று. போய்க் கதவைத் திறந்தால் புகையும் இல்லை, வாசனையும் இல்லை. கூரையில் இருந்த சென்சார் பச்சை விளக்கை நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. கத்துகிற சென்சார் என்றால் சிவப்பாக மின்ன வேண்டும். இது கத்தவே இல்லை, அப்படியானால் கத்துவது வேறு எங்கோ இருக்கிறது.

ஸ்டூலில் ஏறி அதைத் திருகிக் கழற்றினேன். சீட்டு ஸ்கேல் வைத்து ஒட்டியதுபோல நேராக இருந்தது. நான் ஒட்டின சீட்டு என்றைக்கு நேராக இருந்திருக்கிறது. அந்தச் சீட்டைப் பார்த்ததும் அடுப்படியில் உன் அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. பின்னால் இருந்த சீரியல் நம்பரை நோட்டில் தேடினால் அது மூன்றாம் நம்பருக்கு உரியது. சரி, பேனல் எட்டு என்று நினைக்கிற சென்சார் எது என்று நோட்டில் பார்த்தேன், எட்டு சென்சாரிலும் அதற்குத்தான் மிகச் சின்ன சீரியல் நம்பர். உன் அப்பா சின்ன நம்பருக்கு என்ன சீட்டு ஒட்டுவார், ஒன்று. ஒன்றாம் நம்பர் சீட்டை நான் எங்கே மாட்டினேன், பேஸ்மென்ட் ரெக்கார்டு ரூமில். அப்பா உட்காருகிற இடத்தில்.

வாலு, அந்த மூன்று மாடியை நான் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. போகிற வழியில் கீழே, கீழே என்று கத்தினேன், அது மட்டும் நினைவிருக்கிறது. அலாரம் கேட்டு அவரே வெளியே வந்திருப்பார் என்று நீ நினைப்பாய். அந்த அறைக்கு இரும்புக் கதவு, போதாததற்கு இவர் உள்ளே போனதும் காது மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், ஃபேன் சத்தம் எரிச்சலாக இருக்கிறதாம். ஒரு வாரமாக ஜலதோஷம் வேறு, காது பைக்குள், மூக்கு லீவில். கதவைத் திறந்ததும் முகத்தில் புகை அடித்தது. முன் அலமாரி வரிசையில் ஃபேனுக்கு ஒயர் வந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகி, கீழே கிடந்த பழைய அட்டைகள் புகைந்துகொண்டிருந்தன. ஒரு மூலையில் தீயும் பிடித்துவிட்டது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு ஓரமாக உள்ளே ஓடினேன். உன் அப்பா கடைசி வரிசையில் கதவுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒரு கோப்பைப் படித்துக்கொண்டிருக்கிறார், ஏன் மங்கலாகத் தெரிகிறது என்று. தோளைப் பிடித்து இழுத்ததும் என்னைப் பார்த்து, சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கே என்றார். அடிக்கலாமா கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை, இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குள் வாட்ச்மேன் அண்ணன் சிலிண்டரோடு வந்து தீயை அணைத்துவிட்டார். இரண்டு அட்டைக்கட்டு போனது, வேறு சேதம் இல்லை. நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், வேண்டாம் டாக்டர் என்று சொல்லிவிட்டேன். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, நாலு நாள் ஓய்வு போதும் என்றார்.

மேனேஜரிடம் தப்பு என்னுடையது, பெயரைக் கேட்டுச் சோதிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். சீட்டு விஷயத்தை எழுதவில்லை. ஆனால் உன் அப்பாவிடம் எதை மறைக்க முடியும். மறுநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் மாத்தி ஒட்டினேனா என்று கேட்டார். ஒட்டினது நீங்க, கேக்காதது நான் என்றேன். அன்றைக்கு முழுக்க அவர் எதையும் அடுக்கவில்லை, காலை செய்தித்தாள் தரையில் பிரிந்து கிடந்தது, எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மறுசோதனை. பழைய பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டு, ஒவ்வொன்றையும் அது இருக்கிற இடத்திலேயே ஏணி போட்டு மறுபடி அறிமுகம் செய்தேன். லீவில் இருக்க வேண்டியவர் என்னோடு கிளம்பி வந்து, காது மிஷினை மாட்டிக்கொண்டு, கையில் போனோடு பேனல் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், வாட்ச்மேன் அண்ணனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். நான் மூன்றாம் மாடியிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் நான் கேட்பதற்கு முன்னாலேயே பெயரை எழுத்து விடாமல் வாசித்தார். கடைசியாக பேஸ்மென்ட். அவருடைய ஸ்டூலில் ஏறிப் பட்டனை அழுத்தினேன், எங்கே என்று கேட்டேன். ஒன்று, பேஸ்மென்ட் ரெக்கார்டு ரூம் என்றார். அப்புறம், நான் அங்க இல்லம்மா, இங்க மேலதான் இருக்கேன் என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சோதனை முடிந்துவிட்டது, தேவையே இல்லை, ஆனாலும் இன்னொரு தடவை பட்டனை அழுத்தினேன், அவர் இன்னொரு தடவை சொல்லட்டும் என்று.

அழாதே, மாப்பிள்ளையிடமும் நிதானமாகச் சொல். சமைக்கும்போது கத்துகிறது என்று உன் வீட்டுச் சென்சாரைப் பிளாஸ்டிக் பையால் மூடி வைத்திருப்பதாகச் சொன்னாயே, இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் முதல் வேலையாக அதை அவிழ்த்துவிடு, அவிழ்த்தாயா என்று ஞாயிற்றுக்கிழமை கேட்பேன். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், குறை ஒன்றும் இல்லாமல், நூறு வருஷம் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும்.

ஆசிகளுடனும் முத்தங்களுடனும்,
உன் அம்மா
(அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், நன்றாகத் தூங்குகிறார்.)