நான்காவது வரிசை

என் அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், மனசைப் பற்றிக் கேட்டால் அதற்குத்தான் இந்தக் கடிதம். மூன்று வாரமாக நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா குளிக்கிறார், அப்பா கடைக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள், அப்பா ஒரு நாளைக்கு எத்தனை தடவைதாம்மா குளிப்பாரு என்று நீ கேட்டாயாம். நியாயமான கேள்வி. நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டே என்னைத் திட்டுகிறாள், கைக்கும் வேலை வாய்க்கும் வேலை. சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவர் சரிசெய்துவிட்டுப் போன பிறகு இன்னும் நன்றாக ஒழுகுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு வாலிபால் ஆரம்பித்தேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள், காற்று நிற்கிற பந்து இரண்டு, நிற்காத பந்து ஒன்று. கையைச் சேர்ப்பதுதான் முதல் பாடம், உன்னையே கூடத்தில் நிறுத்தி முட்டியை மடக்கு, கையைச் சேர் என்று உயிரை எடுத்திருக்கிறேன். ஒரு கையை இன்னொரு கையின் உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரல் இரண்டையும் ஒட்டி நீட்டி, மணிக்கட்டைத் தாழ்த்தினால் முன்கைகள் பலகை மாதிரி நிற்கும், பந்து அதில்தான் பட வேண்டும். விரல்களைக் கோத்துக்கொள்ளவே கூடாது. ஆனால் கையைச் சேர் என்றதும் புதுப் பிள்ளை விரலைத்தான் கோக்கும், அதனால் ஒவ்வொருவர் எதிரிலும் நின்று என் கையை வைத்துக் காட்டி, அவர்கள் வைத்ததைச் சரிபார்த்த பிறகுதான் பந்தைக் கொடுப்பேன். முப்பது வருஷமாக அப்படித்தான். அன்றைக்கு நான்கு வரிசையாக நிறுத்தி மூன்று வரிசையை முடித்துவிட்டேன். நான்காவது வரிசையின் ஓரத்தில் வகுப்பிலேயே உயரமான பெண் ஒருத்தி நின்றாள், எல்லோரும் கொக்கு என்பார்கள், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். எங்களுக்கு எப்ப சார் காட்டுவீங்க என்று கேட்டாள். இதோ வந்துட்டேன், பந்தைத் தொடாம நில்லுங்க என்று சொல்லிவிட்டு, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் போய் போனை எடுத்தேன்.

யாரைக் கூப்பிட என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். முந்தின நாள் பேசும்போது உன் குரல் ஒரு மாதிரி இருந்தது, என்னம்மா என்றதற்கு ஒண்ணுமில்லப்பா என்றாய். அந்த ஒண்ணுமில்லை காலையிலிருந்து என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. இங்கே காலை பதினொன்றரை என்றால் அங்கே ராத்திரி, நீ படுக்கிற நேரம், அதை விட்டால் மறுநாள்தான் பேச முடியும். கூப்பிட்டது நான், நீ இல்லை, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். வெறும் ஜலதோஷம்தான் என்றாய், புதிதாக வாங்கிய திரைச்சீலை ஒரு சாண் குட்டையாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தாய், எனக்கும் சிரிப்பு வந்தது. எட்டு நிமிஷம் பேசினோம். அதற்குள் யாரோ பந்தை எடுத்திருக்கிறார்கள், யாரோ ஓங்கி அடித்திருக்கிறார்கள், தன்மேல் வந்ததை அந்த உயரமான பெண் விரல் கோத்த கையால் வாங்கியிருக்கிறாள். வலது கட்டைவிரல் அடியில் எலும்பு முறிந்துவிட்டது. நான் ஓடி வந்தபோது அவள் அழவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சுற்றி நின்றவர்கள்தான் அழுதார்கள்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. ஓய்வுக்குப் பதினாலு மாசம் இருக்கிறப்ப உங்களுக்கு எதுக்கு சார் வம்பு, எல்லாருக்கும் கத்துக்கொடுத்தேன், அந்தப் பொண்ணுதான் சொன்னபடி செய்யலைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும் என்றார். எழுதிக் கொடுத்தேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் நல்ல கையெழுத்தில் எழுதினேன், அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. அவளுடைய அப்பா பஸ் ஓட்டுகிறவர், அவரை வரவழைத்து உங்கள் பெண்ணுக்குக் கீழ்ப்படிதல் போதாது என்று சொல்லி அனுப்பினார்கள், அவளை விளையாட்டு வகுப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து அவளுடைய தோழி ஒரு தாளைக் கொண்டு வந்து கொடுத்தாள். இடது கையால் எழுதியது, ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு அளவு, வரி மேலே ஏறிக் கீழே இறங்குகிறது. நீங்க சொன்ன மாதிரி கைய வைக்காதது என் தப்புதான் சார், என்னால உங்களுக்குக் கெட்ட பேர், மன்னிச்சிடுங்க என்று எழுதியிருந்தாள். நான் அவளுக்குச் சொல்லவே இல்லையே அம்மா. ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி, நான் கையை வைத்துக் காட்டியதாக அந்தப் பிள்ளைக்கே ஞாபகம் வந்துவிட்டது.

மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதி எடுத்துக்கொண்டு போனேன். நான் இதைப் பார்க்கலை சார் என்று தலைமையாசிரியை மேஜை இழுப்பறையில் போட்டார். அதனால் மேலிடத்துக்கே ஒரு நகல் அனுப்பிவிட்டேன். விசாரணை முடிகிறவரை மைதானத்தில் கால் வைக்கக் கூடாதாம், நூலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள், புத்தகங்களுக்கு முத்திரை குத்துகிறேன். என் வகுப்பை அறிவியல் ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார், பாவம், அவருக்கு விசில்கூட ஊத வரவில்லை. முந்தாநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் பாதிப் பேர் விரலைக் கோத்துக்கொண்டு நிற்கிறார்கள். கம்பிக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டிச் சேர்த்துக் காட்டினேன். இரண்டு பேர் பார்த்துச் சரிசெய்துகொண்டார்கள், மற்றவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது.

நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டே அறை, இருந்த ஒரு நாற்காலியை அவளுடைய அப்பா எனக்குப் போட்டார். போன் பேசப் போனது முதல் பொய் எழுதிக் கொடுத்தது வரை அவள் முன்னாலேயே சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்துபோன நாளிலிருந்து மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம், தலையைக் குனிந்துகொண்டார். நான் கேட்டேனே சார், எப்ப காட்டுவீங்கன்னு கேட்டேனே என்றாள் அவள். ஆமாம்மா, கேட்டே என்றேன். எந்திரிச்சுப் போங்க சார் என்றாள். வாத்தியார்கிட்ட இப்படியா பேசறது என்று அவளுடைய அப்பா அதட்டினார். வேண்டாங்க, இதுக்கும் அவளைத் திட்டாதீங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். விரல் பழையபடி மடங்குமா என்று கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

அவகிட்ட சொல்லாதீங்க, அங்க தனியா உக்காந்து அழுவா என்றுதான் அம்மா சொன்னாள். அழுகை வந்தால் அழு, ஆனால் உன்னால் என்று நினைத்து மட்டும் அழாதே. எங்கே இருந்தாலும் குறையில்லாமல் நல்லா இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும். ஈரத்தலையோடு படுக்காதே. கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, இந்தத் தடவை நானே எடுக்கிறேன். திட்ட வேண்டும் என்று தோன்றினால் தயங்காமல் திட்டு. கொட்டகைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்ட அன்றைக்கு எடுத்த எடுப்பில், கிளாஸ் இல்லையாப்பா என்று கேட்டாய். ஃப்ரீ பீரியட்தாம்மா என்றேன். தலைமையாசிரியைக்கு எழுதிக் கொடுத்தது இரண்டாவது பொய்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா