இன்னும் இருபது நிமிடம்

ஸ்ட்ரெதம்
06.08.2024

அன்புள்ள பாலேந்திரா,

நீயும் வீட்டாரும் சுகம்தானே? தோற்றுப்போன அணியின் பயிற்சியாளன் சுகமாக இருப்பது நியாயமில்லை, ஆனாலும் கேட்கிறேன். நீ டென்மார்க்கில் இருந்த காலத்தில் ரெலிபோன் காட் வாங்க வழியில்லாமல் தொடங்கிய பழக்கம் இது. மட்ச் முடிந்தால் கடிதம். இப்போது நீ கிங்ஸ்பரிக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. போனில் கதைத்தால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன். தாளில் எழுதினால்தான் கடைசிவரை கேட்பாய்.

கேள்வி ஒன்றுதான். அந்த வேகம் எதற்கு மச்சான்? அது நாற்பது வயதைத் தாண்டிய பழைய மாணவர்களுக்கான கிண்ணம். நம் கல்லூரி அணியில் முழங்காலில் பட்டி கட்டாமல் நின்றவர்கள் நான்கு பேர். அவர்களைப் பார்த்து, "பந்து கிடைச்சால் மூண்டு பாஸுக்குள்ள கோலடிக்குப் போகோணும்" என்று குழறிக்கொண்டு நின்றாய். முதல் பாதியில் இரண்டு கோல் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். பிறகு என்ன நடந்தது? எல்லோருடைய நாக்கும் வெளியே. மற்றக் கல்லூரிக்காரர் சும்மா நடந்து வந்து மூன்று கோல் போட்டுவிட்டுப் போனார்கள். ஒன்பதாவது வருடமும் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தோம். வருகிற வழியில் எனக்கு யாரோடும் கதைக்கப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு என்று போட்ட இறுதியாட்டத்தை, பிரதம விருந்தினர் வந்து பந்தைத் தொட்டு வைக்கும்வரை மூன்றரைக்கு இழுத்தார்கள். அவ்வளவு வெயிலில் காய்ந்துவிட்டு நிற்கிற மனிதர்களை ஆறுதலாக விளையாட விட்டிருந்தால் இரண்டு கோலோடு பிழைத்திருப்போம். பந்தை நம் காலில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவது வெட்கமில்லை.

என் தம்பியைத்தான் நீ கூடப் போட்டு வாட்டினாய். எல்லாப் பந்தும் வலது கரைக்கு, எல்லாம் கௌசிகனுக்கு. நாற்பத்திநாலு வயது அவனுக்கு. கடைசிப் பத்து நிமிடம் இருக்க விழுந்தான். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆள் கதைக்கிறான், ஆனால் கதை கொஞ்சம் முன்பின்னாக இருக்கிறது. சூடு தலைக்கு ஏறியதால் அப்படித்தான் என்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் விடுவார்களாம். இடைவேளையில் அவனை ஏன் மாற்றவில்லை என்பதற்கு மட்டும் உடனே பதில் எழுது.

அன்பும் கோபமும் சமபங்கில்,
இராசரத்தினம்

—

கிங்ஸ்பரி
08.08.2024

அன்புள்ள ராசா,

கடிதம் கிடைத்தது. வாசித்துவிட்டு மூன்று தரம் மடித்து மூன்று தரம் விரித்தேன். உனக்கு உதைபந்தாட்டம் விளங்காது என்று பள்ளிக்கூடத்திலேயே தெரியும், ஆனால் இவ்வளவு விளங்காது என்று நினைக்கவில்லை.

ஆறுதலாக விளையாடித்தான் எட்டு வருடம் தோற்றோம். அதை மறந்துவிட்டாயா? பந்தை வைத்துக்கொண்டு நிற்க நம்மிடம் பந்தை வைத்திருக்கத் தெரிந்தவன் ஒருவனாவது இருக்க வேண்டும். இல்லை. ஓடத் தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான், கௌசிகன். ஓடத் தெரிந்தவனை ஓட விடுவதுதான் பயிற்சியாளனின் வேலை. இரண்டு கோலும் அவன் கொண்டுபோய்க் கொடுத்த பந்தில்தான் வந்தது. வேகம் பிழையில்லை. பின்னுக்கு நின்றவர்கள் பிழை. கோலில் நின்ற கிருஷ்ணராசா மூன்றாவது கோலுக்குப் பாய்ந்தானா, படுத்தானா? அதைக் கேட்டு எழுது.

மாற்றவில்லை என்கிறாய். இடைவேளையில் "ஏலுமோ?" என்று கேட்டேன். "ஓம் அண்ணை" என்றான். அதற்குமேல் நான் என்ன கேட்பது? தண்ணீர்ப் போத்தலையும் நீட்டினேன். வாயைக் கொப்பளித்துத் துப்பினான். ரீவியில் வருகிற பெரிய ஆட்டக்காரர்கள் செய்வதுபோல இவனும் செய்கிறான் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லைனில் நின்று குழறியது நான் மட்டுமில்லை. "ஓடு தம்பி, ஓடு" என்று தொண்டை கிழியக் கத்திய ஒருவனும் எனக்குப் பக்கத்தில் நின்றான். ஸ்ட்ரெதம்காரன். சட்டையில் கெச்சப்.

கௌசிகனுக்கு என் விசாரிப்பைச் சொல். சனிக்கிழமை வந்து பார்க்கிறேன்.

உன் மச்சான்,
பாலேந்திரா

—

ஸ்ட்ரெதம்
12.08.2024

பாலேந்திரா,

சனிக்கிழமை நீ வரவில்லை. வந்திருந்தாலும் பார்க்க விட்டிருக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமையே அவனை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய்விட்டன. உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அந்த வெயிலில் ஓடியதால் தசை எல்லாம் சிதைந்து இரத்தத்தில் கலந்துவிட்டதாம். இப்போது ஈரலும் போகிறது என்கிறார்கள். டொக்டர் மிக நல்ல பெண். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். அதிலிருந்தே எனக்கு விளங்கிவிட்டது.

தினமும் பிரிக்ஸ்டனில் ஏறி வால்தம்ஸ்டோவில் இறங்குகிறேன். அந்த ரயில் லைனின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை. வழி முழுக்க என்னோடு நானே கதைத்துக்கொண்டு போகிறேன். எதிரே இருப்பவர்கள் வேறு சீட்டுக்கு மாறுகிறார்கள்.

முந்தநாள் தம்பியின் மனைவி அஜித்தா என்னிடம் ஒன்று சொன்னாள். அழாமல் சொன்னாள், அதுதான் தாங்க முடியவில்லை. "அத்தான், அண்டைக்கு ஆடி அமாவாசை. மாமான்ர விரதம் எல்லோ? விடியவே கோயிலுக்குப் போட்டுத்தான் மட்சுக்குப் போனவர். வந்து படைச்சுப்போட்டுச் சாப்பிடுறன் எண்டு சொன்னவர். நான் விரதத்துக்கெண்டு காத்தோட்டிக்காய்க் கறியும் வைச்சு மூடி வைச்சிருந்தனான்."

அப்பா போய்ப் பதினைந்து வருடம். மூத்தவன் நான். இரண்டு வருடம் விரதம் பிடித்தேன். பிறகு பெற்றோல் செட்டில் பன்னிரண்டு மணித்தியால ஷிப்ட், வெறும் வயிற்றோடு நிற்க ஏலவில்லை. "நீ ரெண்டு பேருக்குமாச் சேத்துப் பிடியடா" என்று தம்பிக்குப் பகிடியாகச் சொன்னேன். அவன் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. வேறு ஆட்கள் தேநீராவது குடிப்பார்கள். இவன் "அண்ணைக்கும் சேத்து" என்று சொல்லித் தண்ணீரும் தொடுவதில்லையாம். பதின்மூன்று வருடமாக. எனக்கு இது தெரியாது. அன்று அமாவாசை என்பதே எனக்குத் தெரியாது. மைதானத்தில் அவனுக்கு முன்னால் நின்று மட்டன் ரோல்ஸ் தின்றேன் பாலேந்திரா. "உனக்கும் ஒண்டு வாங்கட்டோ?" என்று கேட்டேன். "பிறகு அண்ணை" என்றான்.

வேகம் பற்றி நான் எழுதியதை எல்லாம் விடு. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். கொப்பளித்துத் துப்பியதைக் கண்டாய் என்று எழுதியிருக்கிறாய். அவன் உன்னிடம் ஏதும் சொன்னானா? நாற்பது வருட நட்பின் பேரில் கேட்கிறேன். உள்ளதை எழுது.

ராசா

—

கிங்ஸ்பரி
15.08.2024

ராசா,

இந்தக் கடிதத்தை நாலாவது தரமாக எழுதுகிறேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். மூன்றிலும் பொய்தான் எழுதியிருந்தேன்.

சொன்னான்.

இடைவேளையில் எல்லோரும் புல்லில் படுத்துக் கிடக்க, என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனான். "பாலேந்திரா அண்ணை, இண்டைக்கு அப்பான்ர விரதம். தண்ணியும் குடிக்கேல்லை. பன்னிரண்டுக்கு மட்ச் எண்டுதான் வந்தனான். தலை சுத்துது. என்னை மாத்திவிடுங்கோ" என்றான். நான் தண்ணீரை நீட்டி "ஒரு மிடறு குடியடா, சாமி குறை நினைக்காது" என்றேன். கொப்பளித்துத் துப்பினான். உனக்கு எழுதியதில் அது ஒன்றுதான் உண்மை.

இரண்டு–பூச்சியத்தில் நிற்கிறோம் ராசா. ஒன்பது வருடம். அவனை எடுத்தால் முன்னுக்கு ஓட ஒருவரும் இல்லை. "இன்னும் இருபது நிமிசம் தாங்கடா, கிண்ணத்தோட வீட்ட போய்ச் சாப்பிடுவாய்" என்றேன். தோளில் தட்டினேன். சரி என்று தலையாட்டினான். பள்ளிக்கூடத்தில் நாம் பந்து எடுத்து வரச் சொன்னால் எப்படித் தலையாட்டுவானோ அப்படியே ஆட்டினான்.

போகும்போது திரும்பி வந்து ஒன்று சொன்னான். "அண்ணையிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. அவர் மறந்துபோய்ச் சாப்பிட்டுக்கொண்டு நிக்கிறார். அறிஞ்சால் அந்தரப்படுவார்."

அதனால் சொல்லவில்லை என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். அதுவும் பொய். சொன்னால் நீ அவனை இழுத்து இருத்திவிடுவாய் என்ற பயத்தில்தான் சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தேன். ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தேன். கண்ணாடிக்கு உள்ளே அஜித்தா நின்றாள். திரும்பிப் போய்விட்டேன்.

என்ன தண்டனை என்றாலும் எழுது. எழுதாமல் மட்டும் விடாதே.

பாலேந்திரா

—

ஸ்ட்ரெதம்
29.08.2024

பாலேந்திரா,

பத்தொன்பதாம் திகதி திங்கட்கிழமை விடியற்காலை தம்பி போய்விட்டான். கேள்விப்பட்டிருப்பாய். மரண விசாரணை அது இது என்று இவ்வளவு நாளும் உடலைத் தரவில்லை. அடுத்த புதன்கிழமை பதினொரு மணிக்கு எடுக்கிறோம்.

உன் கடிதத்தை அவன் இருக்கும்போதே வாசித்தேன். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தேன். முதலில் உன்னைத் தேடி வந்து அடிக்கத்தான் நினைத்தேன். கிங்ஸ்பரிவரை வந்தும் விட்டேன். உன் தெருமுனையில் பஸ் ஸ்ராண்டில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். அங்கே இருந்து யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று வெளித்தது. அவன் அன்று உன்னிடம் வராமல் என்னிடம் வந்து "தலை சுத்துது" என்று சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? விரதத்தைச் சொல்லியிருக்க மாட்டான், என் வாயில் ரோல்ஸ். வெறும் தலைச்சுற்று என்றுதான் சொல்லியிருப்பான். நானும் இருபது நிமிடம்தான் கேட்டிருப்பேன். எனக்கும் அந்தக் கிண்ணம் வேண்டும்தானே. ஆறுதலாக விளையாட வேண்டும் என்று எழுதியதெல்லாம் தோற்ற பிறகு வந்த ஞானம். வென்றிருந்தால் உன் வேகத்தைப் புகழ்ந்து நாலு பக்கம் எழுதியிருப்பேன்.

அடிக்காமல் திரும்பி வந்தேன்.

அதற்கு மற்ற நாள் அஜித்தா கேட்டாள். "அத்தான், அவர் ஆருக்கும் சொல்லியிருப்பாரோ? ஆராவது அறிஞ்சிருந்தால் மறிச்சிருப்பினம் எல்லோ?" நான் "இல்லைப் பிள்ளை, ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். அவள் கொஞ்சம் ஆறினாள். ஒருவருக்கும் தெரியாமல் நடந்தது என்பதைத்தான் அவள் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மகளுக்கும் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறாள். இனி நான் சாகும்வரை அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும். அதை உனக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா என்று கேட்காதே. தெரியாது.

அணி முழுக்கக் கல்லூரிக் கொடியோடு வரப்போவதாகக் கிருஷ்ணராசா சொன்னான். வரட்டும். நீ வராதே.

உன்மேல் உள்ள கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருந்தால் நல்லது, வா என்று சொல்லிவிட்டுச் சபையில் உன் முகத்தைப் பாராமல் நிற்கலாம். உன்னைக் கண்டால் நான் உன்னைக் கட்டிப்பிடித்துக் குழறுவேன் மச்சான். உலகத்தில் வேறு ஒருவரிடமும் எனக்கு அப்படி அழ ஏலாது. அப்படி அழும்போது வாயில் என்ன வரும் என்று தெரியாது, அதை அஜித்தா பார்ப்பாள். பார்த்தால் அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

புதன்கிழமைக்கு மட்டுமில்லை. எட்டுச் செலவுக்கும் வேண்டாம், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வேண்டாம். போனும் எடுக்காதே, எழுதவும் வேண்டாம். உன் கையெழுத்தைக் கண்டால் உடைத்து வாசிக்காமல் என்னால் இருக்க முடியாது.

உன் கடிதத்தை இதற்குள் வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். இந்த வீட்டுக்கு அஜித்தா வந்துபோகிறாள்.

இராசரத்தினம்